மீட்டரில் எரியும் அந்த மஞ்சள் விளக்கு: ஏபிஎஸ் வந்த கதை



அடுத்த முறை பார்க்கிங்குக்குப் போகும்போது உங்கள் பைக்கின் முன் சக்கரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வண்டி 125 சிசிக்கு மேற்பட்டதாகவும் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததாகவும் இருந்தால், பிரேக் டிஸ்கை ஒட்டி அதைவிடச் சிறிய இன்னொரு வளையம் தெரியும். அதன் விளிம்பைச் சுற்றிச் சீராக வெட்டிய பற்களோ ஓட்டைகளோ இருக்கும். அந்த வளையத்துக்கு மிக நெருக்கத்தில், தொட்டும் தொடாமலும், கறுப்பாக ஒரு சின்னப் பொருள் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் மேலே போகும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண் அது. ஏபிஎஸ் என்று நாம் சொல்லும் ஏற்பாடு முழுவதும் அந்தக் கண்ணை நம்பித்தான் நடக்கிறது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, நம் ஊர் வண்டிக்கு வந்து சேர ஏன் அறுபது வருடம் பிடித்தது, மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால் ஏன் டீலரிடம் போய்க் காட்ட வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக லெட்ஜர் பார்த்தே காலத்தை ஓட்டியவன். ஆகவே கணக்குப் பார்க்கிற கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

சென்ற மாதம் பார்க்கிங் ஸ்டிக்கர் புதுப்பித்தபோது வண்டி எண்களைச் சரிபார்க்கும் வேலையைச் சங்கம் எனக்குக் கொடுத்தது. வெளியே போய்விட்டு வந்து நிறுத்துபவர்களிடம் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டே மீட்டரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஒன்பது வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அது ரொம்ப நாளா எரியுது அங்கிள், பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்பதுதான் ஏறக்குறைய எல்லோருடைய பதிலும். அந்தப் பதிலில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சக்கரம் பூட்டிக்கொண்டால்

பிரேக் பிடித்தால் வண்டி ஏன் நிற்கிறது? டயர் சாலையைப் பிடித்துக்கொள்வதால். சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறையும்வரை அந்தப் பிடிப்பு இருக்கும். பதற்றத்தில் ஒரேயடியாக அழுத்தி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் சுற்றுவது நின்றுவிட்டால் டயர் சாலையில் இழுபடத் தொடங்கும். பிடிப்பும் குறையும், ஹேண்டில் பாரைத் திருப்பினால் வண்டி திரும்பவும் செய்யாது. இதைத்தான் சக்கரம் 'லாக்' ஆவது என்கிறோம்.

காரில் நான்கு சக்கரமும் லாக் ஆனாலும் கார் நேராக வழுக்கிக்கொண்டு போய் எதிலாவது இடிக்கும். பைக்கின் கதை வேறு. அது நிமிர்ந்து நிற்பதே சக்கரங்கள் உருள்வதால்தான். முன் சக்கரம் லாக் ஆனால் யோசிக்க நேரம் கிடைக்காது, வண்டியும் ஓட்டுபவரும் தரையில் கிடப்பார்கள். மழை ஈரம், மணல், சிந்திய டீசல், ஜல்லி என்று நம் சாலைகளில் இதற்கான காரணங்களுக்குக் குறைவே இல்லை.

அனுபவசாலி என்ன செய்வார்? சக்கரம் லாக் ஆகப்போவது கைக்குத் தெரிந்ததும் பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்தி, மறுபடி விடுவார். அதையே மனிதக் கையால் முடியாத வேகத்தில், நொடிக்குப் பல முறை செய்வதுதான் ஏபிஎஸ். 'லாக் ஆகாமல் தடுக்கும் பிரேக் ஏற்பாடு' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

ரயிலும் விமானமும்

இந்தத் தொல்லையை முதலில் அனுபவித்தவர்கள் ரயில்காரர்கள். ஓடும் ரயிலின் சக்கரம் லாக் ஆகித் தண்டவாளத்தில் இழுபட்டால், தேய்ந்த இடம் தட்டையாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 'தடக் தடக்' என்று அடிக்கும். ரயிலில் அடிக்கடி போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். ஆகவே சக்கரம் வழுக்காமல் தடுக்கும் யோசனைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரயிலுக்காகப் பிறந்தன.

மோட்டார் வண்டிக்கு 1928ல் ஜெர்மனியில் கார்ல் வெஸ்ஸெல் என்பவர் பிரேக் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1936ல் அதே நாட்டின் பாஷ் நிறுவனம், மோட்டார் வண்டிச் சக்கரங்கள் லாக் ஆவதைத் தடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பதிவு செய்தது. இரண்டும் காகிதத்தோடு நின்றன. சக்கரம் லாக் ஆவதைக் கண்டுபிடித்து, பிரேக்கைத் தளர்த்தி, மறுபடி அழுத்துவது எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். அவ்வளவு சுறுசுறுப்பான கருவி அன்று கிடையாது.

முதலில் பயன்பாட்டுக்கு வந்தது விமானத்தில். ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் சக்கரம் லாக் ஆனால் டயர் வெடிக்கும், விமானம் பாதையை விட்டு விலகும். இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் 'மேக்ஸாரெட்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் மின்னணு எதுவும் கிடையாது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் உருளை, அதற்குள்ளே கனமான ஒரு சுழல் சக்கரம். வெளியே விமானச் சக்கரம் திடீரென்று மெதுவானால், உள்ளே இருப்பது பழைய வேகத்திலேயே முந்திச் சுற்றும். அந்த வித்தியாசம் ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் மறுபடி வேகம் பிடித்ததும் வால்வு மூடிக்கொள்ளும். பஸ் சடன் பிரேக் போட்டால் உள்ளே நிற்கும் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே தத்துவம்தான்.

1958: ஒரு என்ஃபீல்டில் நடந்த சோதனை

இங்கேதான் கதை நம் சென்னைப் பக்கம் லேசாகத் திரும்புகிறது. ராயல் என்ஃபீல்ட் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் பிறந்த கம்பெனி என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955ல் 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது அப்படித்தான்.

அதே காலத்தில், 1958ல், இங்கிலாந்து அரசின் சாலை ஆராய்ச்சிக் கூடம் ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியர் பைக் ஒன்றை எடுத்து, விமானத்தின் மேக்ஸாரெட் கருவியை அதில் பொருத்திச் சோதித்தது. பெரும்பாலான சோதனைகளில், சக்கரத்தை லாக் செய்து நிறுத்துவதைவிடக் குறைந்த தூரத்தில் வண்டி நின்றது. வழுக்கும் சாலையில் இந்த முன்னேற்றம் 30 சதவீதம் வரை இருந்தது.

இப்படி ஒரு முடிவு கையில் கிடைத்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என்ஃபீல்டின் அன்றைய தொழில்நுட்ப இயக்குநர் டோனி வில்சன்-ஜோன்ஸுக்கு இந்த ஏற்பாட்டின் எதிர்காலத்தில் நம்பிக்கை இல்லை. அது தயாரிப்புக்கே போகவில்லை. அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? விமானத்துக்காகச் செய்த கருவியை ஒரு பைக்கில் ஏற்றினால் விலையும் எடையும் எங்கே போய் நிற்கும்? அன்றைய வாடிக்கையாளர் அதற்குக் காசு கொடுத்திருப்பாரா? ஆனாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும் என்பது 1958லேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே ஓடியவைதான் அந்த அறுபது வருடங்கள்.

கார் வழியாக வந்த மின்னணு

1966ல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப் என்ற விலையுயர்ந்த காரில் மேக்ஸாரெட் வந்தது. சில நூறு கார்களோடு அது முடிந்தது. உண்மையான திருப்பம் ஜெர்மனியில் நடந்தது. டெல்டிக்ஸ் என்ற கம்பெனி 1960களின் நடுவில் மின்னணு முறையில் இதைச் செய்யும் வேலையைத் தொடங்கியது. 1970 டிசம்பரில் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் தன் சோதனைப் பாதையில் அதை ஓட்டியும் காட்டியது. ஓட்டிக் காட்ட முடிந்ததே தவிர, விற்க முடியவில்லை. அந்தக் கருவிக்குள் ஏறக்குறைய ஆயிரம் மின்னணு உறுப்புகள். வெயில், குளிர், அதிர்வு எல்லாவற்றையும் தாங்கி வருடக்கணக்கில் பழுதில்லாமல் அவை ஓட வேண்டும். பிரேக் விஷயத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற மதிப்பெண் போதாது.

டெல்டிக்ஸின் வேலை பாஷ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. டிஜிட்டல் சிப் வந்த பிறகு ஆயிரம் உறுப்புகள் சுமார் 140 ஆகக் குறைந்தன. 1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் ஏபிஎஸ் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் கருவியின் எடை 6.3 கிலோ.

ஓட்டிக் காட்டியதற்கும் விற்றதற்கும் இடையில் எட்டு வருடம். நம் மஞ்சள் விளக்கின் பொருள் இந்த எட்டு வருடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஏபிஎஸ் செய்தவர்களுக்குப் பெரிய கவலை, அது தப்பான நேரத்தில் தப்பாக வேலை செய்துவிட்டால் என்ன ஆவது என்பது. சென்சார் பொய் சொல்லி, தேவையில்லாதபோது பிரேக்கைத் தளர்த்திவிட்டால்? ஆகவே கருவி தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டே இருக்கும்படி அமைத்தார்கள். சந்தேகம் வந்தால் அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண பிரேக் வழக்கம்போல் வேலை செய்ய வேண்டும். ஒதுங்கிக்கொண்டதை ஓட்டுபவருக்கும் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும் வாய்தான் அந்த விளக்கு.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கணக்கு இடித்தால், இடிக்கிற தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு அன்றைய வேலையை முடிப்போம். கிளை மறுநாள் வழக்கம்போல் திறக்கும். அதற்காகக் கணக்கு சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தொகை சஸ்பென்ஸில் கிடக்கக் கிடக்க வினைதான். விளக்கு எரியும் வண்டியில் "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்பதும் அப்படித்தான்.

பைக்குக்கு வந்தது

பைக்கில் இதைச் செய்வது இன்னும் கடினம். இடம் குறைவு, எடை ஆகாது, முன் பிரேக் கைக்கும் பின் பிரேக் காலுக்கும் தனித்தனி. 1988ல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் கே100 வரிசை பைக்கில் எஃப்ஏஜி கூகல்ஃபிஷர் என்ற கம்பெனி செய்த ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. மின்னணு ஏபிஎஸ்ஸுடன் விற்பனைக்கு வந்த முதல் பைக் அது. அந்தக் கருவியின் எடை 11 கிலோ. அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது போலத்தான். 1992ல் ஹோண்டாவின் எஸ்டி1100 வண்டிக்கும் ஏபிஎஸ் வந்தது.

பிறகு எடை குறைந்துகொண்டே வந்தது. பாஷ் நிறுவனம் பைக்குக்கென்றே தனியாக வடிவமைத்து 2010ஐ ஒட்டிக் கொண்டுவந்த சிறிய வகையின் எடை வெறும் 0.7 கிலோ. 11 கிலோ எங்கே, 700 கிராம் எங்கே! எடையும் விலையும் இறங்கிய பிறகுதான் நடுத்தரக் குடும்பத்து வண்டிகளில் இதைப் பொருத்தும் பேச்சே வந்தது.

இந்தியாவில் 2011ல், ஓசூரிலிருந்து டிவிஎஸ் நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்டிஆர் 180 ஏபிஎஸ்ஸுடன் வந்தது. இந்தியக் கம்பெனி ஒன்று செய்து விற்ற வண்டிகளில் அதுவே முதல். ஆனால் கூடுதல் விலை கொடுத்து ஏபிஎஸ் உள்ள வண்டியை வாங்கியவர்கள் எத்தனை பேர்? மைலேஜும் ஆன்-ரோடு விலையும் விசாரித்த நாம் பிரேக்கை விசாரித்தோமா?

ஆகவே சட்டம் வர வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2016லும், விற்கப்படும் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2017லும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. நம் மத்திய அரசு 2016ல் அறிவிக்கை வெளியிட்டது. 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் சிபிஎஸ் ஏற்பாடாவது இருக்க வேண்டும். சிபிஎஸ் நல்லதுதான். ஆனால் சக்கரம் லாக் ஆவதை அது தடுக்காது. நம் வீட்டு ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது இந்த சிபிஎஸ்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சென்னை ராயல் என்ஃபீல்ட் 2018ல் இந்தியாவில் கிளாசிக் வண்டியின் ஒரு சிறப்பு வகையை இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ்ஸுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1958 சோதனைக்குப் பிறகு சரியாக அறுபது வருடம். 2023 ஜனவரியில் 'சூப்பர் மீட்டியர்' என்ற அதே பழைய பெயரில், 650 சிசியில் ஒரு புதிய வண்டியும் விற்பனைக்கு வந்தது. ஏபிஎஸ் அதில் கட்டாய உறுப்பு. இங்கிலாந்தில் ஒரு முறை பொருத்திப் பார்த்துக் கைவிட்டது, அதே பெயரோடு சென்னையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது.

எவ்வளவு பலன்?

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் உயிரிழப்பு விபத்து விகிதம் 31 சதவீதம் குறைவு என்று 2013ல் சொன்னார்கள். பிறகு கூடுதல் தரவுகளோடு மறுபடி கணக்கிட்டபோது அது 22 சதவீதம் என்று வந்தது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒன்றுக்கு மேல்.

இந்தியாவில் 2022ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அமெரிக்கக் கணக்கை அப்படியே நம் சாலைக்குப் பொருத்துவது சரியில்லை. ஆனால் தொகை இவ்வளவு பெரிதாக இருக்கும்போது சின்னச் சதவீதமும் எத்தனை குடும்பம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஏபிஎஸ்ஸால் முடியாதவையும் உண்டு. திருப்பத்தில் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தால் சாதாரண ஏபிஎஸ் முழுமையாகக் காப்பாற்றாது. வண்டியின் சாய்வையும் அளக்கும் வகை 2014 வாக்கில் விலையுயர்ந்த வண்டிகளுக்கு வந்தது, நம்மிடம் இருப்பது அநேகமாக அது இல்லை. 'சிங்கிள் சேனல்' என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். வழுக்கைத் தேய்ந்த டயரை எந்த ஏபிஎஸ்ஸும் காப்பாற்றாது.

விளக்கு எப்போது சரி, எப்போது தவறு?

சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து சைக்கிள் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். இதுதான் நல்ல நிலை. ஓட ஆரம்பித்த பிறகும் அணையாவிட்டால், அல்லது வழியில் திடீரென எரிந்தால், கருவி ஒதுங்கிக்கொண்டுவிட்டது என்று பொருள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு கியரில் பின் சக்கரத்தைச் சுற்றவிட்டாலும் சில வண்டிகளில் எரியும். முன் சக்கரம் நிற்க, பின் சக்கரம் மட்டும் சுற்றுவதைப் பார்த்து அது குழம்பிவிடும். அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து ஓட்டினால் போய்விடும்.

மூன்றாவது நிலைதான் எல்லாவற்றையும்விட மோசம். சாவி போட்டவுடன் விளக்கு எரியவே இல்லை என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். விளக்கு பழுதாகியிருக்கலாம். அல்லது யாரோ அதன் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பழைய பைக் பார்க்கிறவர்கள் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்.

விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்குமே என்று கேட்பீர்கள். பிடிக்கும். ஆனால் உங்கள் மகனோ மகளோ ஏபிஎஸ் வண்டியிலேயே ஓட்டப் பழகியவர்கள். ஆபத்தில் முழு பலத்தோடு அழுத்தினால் வண்டி பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கைக்குப் பழக்கம். விட்டு விட்டு அழுத்தும் பழைய பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. நாய் குறுக்கே ஓடும் அந்த நொடியில் கை பழக்கப்படிதான் அழுத்தும். வண்டி பார்த்துக்கொள்ளாது. ஏபிஎஸ்ஸே இல்லாத வண்டியைவிட, இருப்பதாக நம்பி வேலை செய்யாத வண்டியை ஓட்டுவது ஒரு வகையில் அதிக ஆபத்து.

டீலரிடம் என்ன கேட்பது?

பழுது பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். சென்சாரில் சேறு, பஞ்சர் போடக் கழற்றியபோது வளைந்த பல் வளையம், எலி கடித்த ஒயர், சார்ஜ் இறங்கிய பேட்டரி, எரிந்துபோன ஃபியூஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டிகளில் இணைப்புகள் துருப்பிடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கருவி தன் சந்தேகத்தை ஒரு எண்ணாகத் தனக்குள் குறித்து வைத்திருக்கும். அதைப் படிக்க அந்த மாடலுக்குப் பொருந்தும் ஸ்கேன் கருவி வேண்டும். டீலரிடம் போகச் சொல்வது அதற்காகத்தான்.

நம் குடியிருப்பில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பார்த்ததும் "மாட்யூல் போச்சு, மாத்தணும்" என்று சொல்லி, ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையைச் சொன்னார்கள். ஸ்கேன் செய்தீர்களா என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. அவர் வேறு ஒரு டீலரிடம் போனார். அங்கே ஸ்கேன் செய்து, முன் சென்சாரின் ஒயர் அறுந்திருப்பதைக் கண்டுபிடித்து, சென்சாரை மட்டும் மாற்றினார்கள். முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆகவே வண்டியை விடும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. ஜாப் கார்டில் 'ஏபிஎஸ் செக்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். விளக்கு எப்போதிலிருந்து எரிகிறது, தொடர்ந்து எரிகிறதா, மழையில் மட்டும் எரிகிறதா என்று எழுதச் சொல்லுங்கள்.

2. ஸ்கேன் செய்து வந்த பழுது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

3. எண்ணை அழித்து விளக்கை அணைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்றால் ஏற்காதீர்கள். காரணம் என்ன, எதைச் சரிசெய்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்து, விளக்கு அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.

4. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும்.

5. மாற்றிய பழைய உதிரிப் பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். வாரன்ட்டி இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கு ரீகால் ஏதாவது நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி அரசுக்கு உண்டு. ரீகாலில் செய்து தர வேண்டிய வேலைக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது.

டீலரிடம் இப்படிக் கேட்பது சண்டை போடுவது ஆகாது. கவுன்டரில் பணம் கட்டிய பிறகு சலானில் முத்திரை இருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பதில்லையா? அதே மாதிரிதான்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. ஸ்கேன் கருவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வளாகத்துக்கே வந்து வண்டிகளைப் பார்க்க முடியுமா என்று டீலர்களிடம் விசாரிக்கும்படி செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். குறைந்தது இருபது வண்டிகளாவது இருந்தால் பேசுவது சுலபம். விருப்பம் உள்ளவர்கள் வண்டியின் மாடல், வருடம், ஃபிளாட் எண் ஆகியவற்றை உங்கள் பிளாக் பிரதிநிதியிடம் கொடுங்கள். முகாம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், விளக்கு எரிகிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் மழைக்கு முன்னால் டீலரிடம் காட்டிவிடுங்கள்.